தொலைதூர நகரங்களுக்கு இடையே விமானத் தூரம்: நாமே கணக்கிட்டுச் சரிபார்க்கும் முறை

நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? இந்த ஒரு கேள்விக்கு 15,349 கி.மீ. என்றும் பதில் கிடைக்கும், 16,700 கி.மீ. என்றும் கிடைக்கும். சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 18,500 வரும். மூன்றிலும் கணக்குப் பிழை இல்லை. மூன்றும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன, அவ்வளவுதான்.

தூரம் தேடுகிற பலரும் தடுமாறுவது இங்கேதான். சூத்திரம் கடினமாக இருப்பதால் அல்ல, எந்தத் தூரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யாததால். அதனால் கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் உங்கள் தேவை எது என்று பாருங்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடவோ, விமானத் தாமதத்துக்கான இழப்பீட்டு விதியைப் பார்க்கவோ, மைலேஜ் புள்ளிகளைக் கணிக்கவோ என்றால் உங்களுக்கு வேண்டியது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான பூமியின் மேல் இரு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய தூரம். எரிபொருள், கார்பன் கணக்கு என்றால் விமானம் உண்மையில் பறந்த பாதையின் நீளம் வேண்டும். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதுதான் கவலை என்றால் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம். பெருவட்டத் தூரம்தான் அடித்தளம் என்பதால் அதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

தட்டையான வரைபடம் ஏன் ஏமாற்றுகிறது

நாம் அதிகம் பார்த்துப் பழகிய உலக வரைபடம் 1569-ல் ஜெரார்டஸ் மெர்கேட்டர் வகுத்த முறையில் வந்தது. கடலோடிகளுக்காக உருவானது அது. அதில் ஒரு நேர்க்கோடு போட்டால், திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டே அந்தக் கோட்டின் வழியே கப்பலைச் செலுத்தலாம். அந்த வசதிக்குக் கொடுத்த விலை, துருவங்களை நெருங்க நெருங்க எல்லாமே ஊதிப் பெருத்துவிடுவது. கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல ஏறத்தாழ 14 மடங்கு பெரியது.

ஒரு பந்தை அதன் மையம் வழியாகச் சரிபாதியாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் கிடைக்கும் வட்டம்தான் பெருவட்டம். பந்தின் மேல் இருக்கும் எந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி, அந்த இரண்டின் வழியாகவும் போகும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் எல்லாமே பெருவட்டத்தின் பாதிகள். ஆனால் நிலநடுக்கோட்டைத் தவிர்த்த மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. அதனால்தான் ஒரே அட்சரேகையில் இருக்கும் இரு நகரங்களுக்கு நடுவே பறக்கிற விமானமும் அந்த ரேகையோடு போகாமல் துருவத்தின் பக்கம் வளைந்து போகிறது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால், வேறு எதையும் படிப்பதற்கு முன் ஒரு நூலை எடுத்து இரு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே பெருவட்டத்தில் போய் நிற்கும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. நியூயார்க்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நூல் சுமார் 36 செ.மீ. வரும். பெருக்கினால் 15,300. ஒரு நூலுக்கு இது அருமையான துல்லியம். அதைவிட முக்கியம், நூல் போகிற வழி. அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, ஆசியா என்று கிழக்கே போகாமல் கனடா வழியாக நேர் வடக்கே ஏறி, வடதுருவத்தை உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்கும்.

படி 1: ஊரை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

விமானம் நகரத்தின் நடுவிலிருந்து கிளம்புவதில்லை. இணையத்தில் 'இரு நகரங்களுக்கு இடையே தூரம்' என்று காட்டும் கருவிகள் பலவும் நகர மையத்தை எடுத்துக்கொள்கின்றன. 15,000 கி.மீ. பயணத்தில் இது பெரிய வித்தியாசம் இல்லை. 1,500 கி.மீ. பயணத்தில் வித்தியாசம்தான். டோக்கியோவுக்கு நரிட்டா, ஹனேடா என்று இரண்டு விமான நிலையங்கள், இரண்டுக்கும் நடுவே மட்டும் சுமார் 60 கி.மீ. நியூயார்க்குக்கு ஜே.எஃப்.கே., லகார்டியா, பக்கத்து மாநிலத்தில் நியூவார்க் என்று மூன்று.

டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பெயரை நம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி எஸ்.ஒய்.டி., கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னி ஒய்.க்யூ.ஒய். ஆஸ்திரேலியா போக நினைத்து டிக்கெட் எடுத்தவர்கள் கனடாவில் போய் இறங்கிய சம்பவங்கள் உண்மையாகவே நடந்திருக்கின்றன. லண்டன் என்ற பெயரில் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஓர் ஊர் இருக்கிறது, அதற்கும் விமான நிலையம் உண்டு. சான் ஹோசே கலிபோர்னியாவிலும் இருக்கிறது, கோஸ்டா ரிகாவிலும் இருக்கிறது.

படி 2: இருப்பிட எண்களை எடுத்து, ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் வேண்டும். இவை டிகிரி, நிமிடம், வினாடி வடிவில் இருந்தால் தசம வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்து, வினாடியை 3,600-ஆல் வகுத்து, டிகிரியோடு கூட்டினால் சரி.

ஜே.எஃப்.கே.: வடக்கு 40 டிகிரி 38 நிமிடம் 23 வினாடி, மேற்கு 73 டிகிரி 46 நிமிடம் 44 வினாடி. தசமத்தில் 40.64, −73.78.

சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1 டிகிரி 21 நிமிடம் 33 வினாடி, கிழக்கு 103 டிகிரி 59 நிமிடம் 22 வினாடி. தசமத்தில் 1.36, 103.99.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் தேவை. 40 டிகிரி 38 நிமிடத்தை அப்படியே 40.38 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சரியான எண் 40.64. வித்தியாசம் கால் டிகிரிதான் என்று தோன்றும். ஆனால் வடக்கு–தெற்கில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ., அதனால் கால் டிகிரியில் 28 கி.மீ. காணாமல் போய்விடும். இரண்டாவது, கூட்டல் கழித்தல் குறி. தெற்கும் மேற்கும் கழித்தல். அந்த ஒரு குறியை விட்டுவிட்டால் நியூயார்க் மத்திய ஆசியாவுக்குக் குடிபெயர்ந்துவிடும், விடையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தவறும்.

படி 3: கணக்கு

பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொள்கிறோம். இது சராசரி ஆரம். முதல் ஊரின் அட்சரேகை அ1, இரண்டாவது ஊருடையது அ2, இரண்டு தீர்க்கரேகைகளின் வித்தியாசம் தீ. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு ஊர்களுக்கும் நடுவே எவ்வளவு கோணம் என்பதை இந்தச் சூத்திரம் தரும்:

கொசைன் (கோணம்) = சைன் அ1 × சைன் அ2 + கொசைன் அ1 × கொசைன் அ2 × கொசைன் தீ

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியனில் இருந்தால் வருவதெல்லாம் குப்பை.

நம் உதாரணத்தில் தீ = 103.99 − (−73.78) = 177.77 டிகிரி. கழித்தலைக் கழித்தால் கூட்டல் ஆகிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். வித்தியாசம் 180-ஐத் தாண்டி வந்தால், பசிபிக் பக்கம்தான் கிட்டத்து வழி என்று அர்த்தம், 360-லிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். கழிக்காமல் போட்டாலும் கொசைன் ஒரே மதிப்பைத்தான் தரும். ஆனாலும் மனதில் படம் தெளிவாக இருக்க, கழித்துவிடுவது நல்லது.

சைன் 40.64 = 0.6513
சைன் 1.36 = 0.0237
கொசைன் 40.64 = 0.7588
கொசைன் 1.36 = 0.9997
கொசைன் 177.77 = −0.9992

முதல் பெருக்கல் 0.0155. இரண்டாவது பெருக்கல் −0.7580. கூட்டினால் −0.7425-ஐ ஒட்டி வரும். இதன் தலைகீழ்க் கொசைனை, அதாவது ஷிஃப்ட் அழுத்திக் கொசைன் பொத்தானை அழுத்தினால் கிடைப்பதை எடுத்தால், கோணம் 137.95 டிகிரி. 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையில் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 15,339 கி.மீ. இடையில் வரும் எண்களை நான்கு தசமத்தோடு வெட்டாமல் கால்குலேட்டரிலேயே வைத்துக்கொண்டு போங்கள். வெட்டினால் கடைசியில் சில கிலோமீட்டர் ஆடும்.

இரண்டு ஊர்கள் மிக அருகில் இருந்தால், சில கிலோமீட்டர் தூரம் என்றால், இந்தச் சூத்திரத்தில் கொசைன் மதிப்பு ஒன்றை நெருங்கிவிடும். சாதாரணக் கால்குலேட்டரில் துல்லியம் போய்விடும். அதற்காகத்தான் ஹேவர்சைன் என்ற இன்னொரு வடிவம் இருக்கிறது, நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறார்கள். நம் தலைப்பு தொலைதூரம். அதனால் மேலே உள்ளதே போதும்.

இதே எண்களை வைத்துக்கொண்டு இன்னொன்றும் கண்டுபிடிக்கலாம், எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி இது. பெருவட்டம் நியூயார்க்கிலிருந்து எந்தத் திசையில் கிளம்புகிறது? கொசைன் அ2-ஐயும் சைன் தீ-யையும் பெருக்கி, நாம் கண்ட கோணத்தின் சைனால் வகுத்தால் 0.058 வரும். அதன் தலைகீழ்ச் சைன் 3.3 டிகிரி. அதாவது நேர் வடக்கிலிருந்து மூன்று டிகிரி மட்டும் கிழக்கே. சிங்கப்பூர் நியூயார்க்குக்குத் தெற்கே இருக்கும் ஊர், ஆனாலும் அங்கே போக மிகக் குறுகிய வழி வடக்கே திரும்புவதுதான். அந்தப் பாதை 87.5 டிகிரி வடக்கு வரை ஏறி, துருவத்துக்கு சுமார் 280 கி.மீ. தொலைவில் கடந்து போகும். நூல் காட்டியதை எண்களும் காட்டிவிட்டன. (இந்தக் கோணக் கணக்கில் தலைகீழ்ச் சைன் வடக்குக்கும் தெற்குக்கும் ஒரே விடையைத் தரும் என்பதால், உருண்டையைப் பார்த்து எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.)

படி 4: விடை நம்பும்படி இருக்கிறதா?

பூமியில் எந்த இரு இடங்களுக்கும் நடுவே பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 20,000 கி.மீ.க்கு மேல் போகவே முடியாது. சுற்றளவு 40,000-ஐ ஒட்டி, அதில் பாதி. உங்கள் விடை 24,000 என்று வந்தால் குறியிலோ தீர்க்கரேகையிலோ தவறு இருக்கிறது.

பிறகு துல்லியம். நாம் 15,339 என்று கண்டோம், விமானத் தூரப் பட்டியல்களில் 15,349 இருக்கிறது. அந்தப் பத்து கி.மீ. எங்கே போனது? பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற மாதிரி இந்தத் தட்டையான வடிவத்தைக் கணக்கில் எடுக்கிறது. அதை வைத்துத் தூரம் காண 1975-ல் தாடியஸ் வின்சென்டி ஒரு முறையை வெளியிட்டார். பல கருவிகள் இன்றும் அதைத்தான் ஓட்டுகின்றன. ஏறக்குறைய எதிரெதிர்ப் புள்ளிகளில் அந்த முறை விடை கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையை 2013-ல் சார்லஸ் கார்னி வெளியிட்ட முறை தீர்த்துவைத்தது. உருண்டைக் கணக்கில் பிழை பெரும்பாலும் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கையால் கணக்கிடுகிறவருக்கு அதற்கு மேல் துல்லியம் தேவையில்லை என்பது என் கருத்து. இழப்பீட்டு விதி போன்றவற்றில் வரும் தூர எல்லையைத் தாண்டுகிறதா இல்லையா என்று பத்து கி.மீ.யில் ஊசலாடும்போது மட்டும் நல்ல கருவியில் போட்டுப் பாருங்கள். 'கிரேட் சர்க்கிள் மேப்பர்' என்ற தளத்தில் இரு குறியீடுகளைத் தட்டினால் பாதையும் தூரமும் வந்துவிடும். கூகுள் எர்த்தில் இருக்கும் அளவுகோலும் நல்லது.

"விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறதே, வட்டம் பெரிதாகிவிடாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஆகும், 0.17 சதவீதம். நம் பயணத்தில் 26 கி.மீ. மற்ற வித்தியாசங்களுக்கு முன் இது ஒன்றுமில்லை.

அலகுகள் பற்றி ஒரு வார்த்தை. விமானிகள் பேசுவது கடல் மைலில், அது சரியாக 1.852 கி.மீ. அட்சரேகையில் ஒரு நிமிடக் கோணம்தான் அதன் மூலம். அமெரிக்கத் தளங்களும் பல மைலேஜ் திட்டங்களும் காட்டுவது தரை மைல், 1.609 கி.மீ. 15,349 கி.மீ. என்பது 8,288 கடல் மைல், 9,537 தரை மைல். 'மைல்' என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று விசாரிக்காமல் பயன்படுத்தாதீர்கள். இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம்.

படி 5: பெருவட்டத்திலிருந்து உண்மைப் பாதைக்கு

2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிங்கப்பூர்–நியூவார்க் இடைநில்லாச் சேவையை அறிவித்தபோது, பயணத் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று சொன்னது. அந்த இரு நிலையங்களுக்கு நடுவே பெருவட்டம் 15,344. கூடுதலாக 1,350 கி.மீ., ஏறத்தாழ 9 சதவீதம். இது ஏன் என்று புரிந்தால், எந்தப் பாதைக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சின்ன வித்தியாசம் எல்லா விமானங்களுக்கும் உண்டு. ஓடுபாதை இருக்கும் திசையில் கிளம்பி, வகுத்த வழியில் வளைந்து, இறங்கும் ஊரில் வரிசையில் நின்று இறங்க வேண்டும். இதற்காகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கார்பன் கணக்கு முறை பெருவட்டத்தோடு ஒரு தொகையைக் கூட்டுகிறது: 550 கி.மீ.க்குக் கீழ் 50 கி.மீ., 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் வர்த்தகத் திட்டம் எல்லாவற்றுக்கும் 95 கி.மீ. கூட்டிவிடுகிறது. குறுகிய பயணங்களுக்கு இந்த மாதிரிக் கூட்டல் போதும்.

பெரிய வித்தியாசங்கள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. முதலாவது, மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு இல்லாமல் போனது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டிப் பறந்த ஃபின்ஏர் விமானங்கள் சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதானது. சில, வடதுருவத்தின் மேலாகவே சுற்றிப் போயின. பெருவட்டத் தூரம் ஒரு அங்குலம்கூட மாறவில்லை, பயணம் மூன்றரை மணி நேரம் நீண்டுவிட்டது. ஆகவே எந்தப் பாதையையும் கணிக்கும் முன், பெருவட்டம் எந்தெந்த நாடுகளின் மேலே போகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். நடுவில் மூடிய பகுதி இருந்தால், அதைச் சுற்றி இரண்டு மூன்று புள்ளிகளை வைத்து, துண்டு துண்டாகப் பெருவட்டத் தூரம் கண்டு கூட்டுங்கள். உண்மைக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள்.

இரண்டாவது, ஒரு இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவது என்ற கேள்வி. இரண்டு இன்ஜின் விமானங்கள், ஒற்றை இன்ஜினில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அடையக்கூடிய விமான நிலையங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தே பறக்க வேண்டும். 1985-ல் 120 நிமிடமாக இருந்த அனுமதி படிப்படியாக வளர்ந்தது. ஏர்பஸ் ஏ350-900 விமானம் 370 நிமிடம் வரை அனுமதி பெற்றிருக்கிறது. இது அதிகம் உறுத்துவது தென்பாதியில். சிட்னிக்கும் சிலி நாட்டுச் சாண்டியாகோவுக்கும் பெருவட்டம் போட்டால் அது 62 டிகிரி தெற்கு வரை, அண்டார்டிகாவை நோக்கி இறங்கும். வழியில் இறங்க இடமே இல்லாத கடல்.

திபெத்தியப் பீடபூமியும் இதே மாதிரிதான். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல். பயணிகளுக்கான முகமூடி ஆக்சிஜன் நிறைய நேரம் வராது. அதனால் நீளமான பாதைகள் பலவும் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுப் போகின்றன.

படி 6: காற்று

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் சுவாரசியமானது, வழிகாட்டிகள் பலவும் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது வருத்தம். விமானம் தரையில் ஓடுவதில்லை, காற்றுக்குள் நீந்துகிறது. காற்றே நகர்ந்துகொண்டிருந்தால், தரையில் அளந்த தூரமும் காற்றில் பறந்த தூரமும் ஒன்றாக இருக்காது.

எண்ணோடு பார்ப்போம். லண்டன் ஹீத்ரோவுக்கும் ஜே.எஃப்.கே.க்கும் பெருவட்டம் சுமார் 5,540 கி.மீ. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. போகிறது, மேற்கிலிருந்து கிழக்கே மணிக்கு 150 கி.மீ. காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும்போது தரைவேகம் 1,050, நேரம் 5 மணி 17 நிமிடம். திரும்பும்போது தரைவேகம் 750, நேரம் 7 மணி 23 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 6 மணி 9 நிமிடம்.

போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், கணக்கு நேர் என்று நினைக்கத் தோன்றும். கூட்டிப் பாருங்கள்: காற்றோடு 12 மணி 40 நிமிடம், காற்றில்லாமல் 12 மணி 19 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவாகிறது, அதனால் அது நம்மை அதிக நேரம் பிடித்துத் தள்ளுகிறது. நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரியது.

இப்போது அந்த நேரத்தை 900-ஆல் பெருக்குங்கள். மேற்கே போன விமானம் 6,650 கி.மீ. காற்றைக் கிழித்திருக்கிறது. கிழக்கே வந்தது 4,750 கி.மீ. மட்டும். எரிபொருள் இந்தத் தூரத்துக்குத்தான் எரியும். அப்படியானால் மேற்கே போகிற விமானம் வளைந்து 6,100 கி.மீ. போனால்கூட, அந்த வழியில் எதிர்க்காற்று 50 கி.மீ.தான் என்றால், 7 மணி 11 நிமிடத்தில் போய்விடும். நீளமான வழி 12 நிமிடம் முந்துகிறது! பாதை வகுப்பவர்கள் தேடுவது குறைந்த கிலோமீட்டரை அல்ல, இந்தக் காற்றுத் தூரத்தைக் குறைக்கும் கோட்டை. வட அட்லாண்டிக்கில் கனடாவின் கேண்டர், பிரிட்டனின் ஷான்விக் கட்டுப்பாட்டு மையங்கள் காற்றைப் பார்த்துத் தினமும் புதிய வான்தடங்களை வெளியிடுவது இதற்காகத்தான்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கம் போகும் விமானம் துருவத்தை விட்டுவிட்டுப் பெரும்பாலும் பசிபிக் வழியாகப் போவதும் அதே காரணம். மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. 1,350 கி.மீ. கூடுதலாகப் பறந்தாலும் அதற்கு லாபம்தான்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் (போயிங் 747) நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறியது என்று சிலர் எழுதினார்கள், அது சரியல்ல. காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமானதுதான், காற்றுதான் ஓடியது.

நேரத்தைத் தோராயமாக அறிய எளிய வழி: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். 15,349-க்குப் பதினெட்டரை மணி வருகிறது, கால அட்டவணையில் இருப்பதற்கு மிக அருகில். நடுத்தர அட்சரேகைகளில் நீண்ட தூரம் மேற்கே போனால் கொஞ்சம் கூட்டுங்கள், கிழக்கே போனால் குறையுங்கள். அட்டவணையில் தரையில் ஊர்ந்து போகும் நேரமும் சேர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: நடுவில் விமானம் மாறினால்

ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் பெருவட்டத் தூரம் கண்டு கூட்டுங்கள். பிறகு நேரடித் தூரத்தோடு ஒப்பிடுங்கள், எந்த ஊரில் மாறுவது நல்லது என்று தெளிவாகத் தெரியும். லண்டன்–சிட்னி நேரடித் தூரம் சுமார் 17,020 கி.மீ. சிங்கப்பூரில் மாறினால் 10,880 + 6,300, மொத்தம் 17,180. ஒரு சதவீதம்தான் கூடுகிறது, ஏனென்றால் சிங்கப்பூர் அந்தப் பெருவட்டத்தை ஒட்டியே இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் மாறினால் 20,800-ஐத் தாண்டிவிடும்.

ஆனால் சட்டம் இப்படிக் கூட்டுவதில்லை. தாமதத்துக்கும் ரத்துக்கும் இழப்பீடு தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் விதி, தூரத்தை 1,500, 3,500 கி.மீ. என்ற எல்லைகளால் பிரிக்கிறது, அளக்க வேண்டியது பெருவட்ட முறையில் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கு 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வந்தது. பறந்த தூரம் 1,656 கி.மீ., ரோம்–ஹாம்பர்க் பெருவட்டம் 1,326 கி.மீ. கிளம்பிய ஊருக்கும் கடைசியாகச் சேரும் ஊருக்கும் நடுவே உள்ள பெருவட்டத்தையே எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த 330 கி.மீ. வித்தியாசம் 400 யூரோவை 250 யூரோ ஆக்கிவிட்டது.

படி 8: உண்மையான விமானத்தோடு ஒப்பிடுங்கள்

ஃப்ளைட்அவேர், ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளங்களில் கடந்த சில நாள் விமானங்களின் பாதையைப் பார்க்கலாம். உங்கள் பெருவட்டக் கோட்டோடு அதை ஒப்பிட்டு, ஒரே எண்ணுள்ள விமானத்தை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். பெருவட்டம் ஒன்றே, பாதை மட்டும் நாளுக்கு நாள் நகரும். 2019 நவம்பரில் குவான்டாஸ் லண்டனிலிருந்து சிட்னிக்கு நடத்திய ஆய்வுப் பயணம் 19 மணி 19 நிமிடம் எடுத்தது, சுமார் 17,800 கி.மீ. பறந்தது. பெருவட்டத்தைவிட 4 முதல் 5 சதவீதம் அதிகம்.

எதிரெதிர் முனைகளில் இருக்கும் இரு ஊர்களுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், மாட்ரிட்டும் வெலிங்டனும் மாதிரி. பெருவட்டம் சுமார் 19,850 கி.மீ., பூமியில் சாத்தியமான உச்சத்துக்கு வெகு அருகில். அங்கே வடக்கே கிளம்பினாலும், தெற்கே கிளம்பினாலும், கிழக்கோ மேற்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம் சில நூறு கிலோமீட்டருக்குள்தான் மாறும். அப்படியொரு பாதையில் விமானம் ஓடினால், எந்தத் திசையில் கிளம்புவது என்பதைத் தூரம் தீர்மானிக்காது, அன்றைய காற்று தீர்மானிக்கும்.